எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்

எட்வின் ஹோவார்ட் ஆர்ம்ஸ்ட்ராங் (1890 – 1954) பண்பலை வானொலியை உருவாக்கிய அமெரிக்க மின்பொறியாளர் ஆவார். நியூயார்க்கில் பிறந்த இவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1913 இல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் பணியாற்றுகையில், 1918 இல் சூப்பர்ஹெட்டிரோடைன் ஏற்பியை வடிவமைத்தார். வரும் அலையை நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்கும் இம்முறை, பின்னாளில் மகிழுந்து வானொலிகளிலும் பரவலாகப் பயன்பட்டது.

மின்னலும் மகிழுந்து எஞ்சினின் தீப்பொறியும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் அலையின் வீச்சையே பாதிக்கிறது. ஒலியும் வீச்சிலேயே ஏற்றப்பட்டிருந்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். ஆர்ம்ஸ்ட்ராங் ஒலியை அதிர்வெண்ணில் ஏற்றினார். வீச்சில் நேரும் மாறுபாடுகளை ஏற்பியிலுள்ள ஒரு சுற்று வெட்டிவிடும். பிறர் அலைப்பட்டையைக் குறுக்க முயன்ற காலத்தில் இவர் அதை அகலப்படுத்தியதே இதன் சிறப்பு. இதற்கான காப்புரிமைகள் 1933 இல் கிடைத்தன. (இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், குன்றுகளின் மறைவில் ஓடும் வண்டியில் ஒலி விட்டுவிட்டுக் கேட்பதுண்டு.)

1945 இல் அமெரிக்க அரசு பண்பலை ஒலிபரப்பை 42–50 மெகாஹெர்ட்சிலிருந்து 88 மெகாஹெர்ட்சுக்கு மேல் மாற்றியது. அதுவரை விற்பனையான ஏற்பிகள் பயனற்றுப் போயின. தம் காப்புரிமைகளை மீறியதாக ஆர்.சி.ஏ. நிறுவனத்தின்மீது ஆர்ம்ஸ்ட்ராங் 1948 இல் வழக்குத் தொடுத்தார். நீண்ட வழக்கு இவரது செல்வத்தைக் கரைத்தது. 1954 இல் தற்கொலை செய்துகொண்டார்.

இவரது மனைவி மரியன், ஒருகாலத்தில் அந்நிறுவனத்தின் டேவிட் சார்னோவிடம் செயலராக இருந்தவர். அவர் வழக்குகளைக் கைவிடவில்லை. ஆர்.சி.ஏ. 1954 இன் இறுதியில் உடன்பாட்டுக்கு வந்தது. மோட்டோரோலாவுக்கு எதிரான கடைசி வழக்கு 1967 இல் வெற்றியில் முடிந்தது.