ஜேம்ஸ் பிரிண்ட்லி

ஜேம்ஸ் பிரிண்ட்லி (1716 - செப்டம்பர் 27, 1772) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆவார். தொழிற்புரட்சியின் தொடக்கத்தில் அந்நாட்டின் முக்கியமான கால்வாய்கள் பலவற்றைத் திட்டமிட்டவர் இவரே. ஏறத்தாழ 7 அடி அகலமுள்ள படகுகளுக்கான குறுங்கால்வாய் அளவு இவரது முடிவினால் நிலைபெற்றது.

வாழ்க்கை

இவர் டார்பிஷயரில் உள்ள டன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிக் கல்வி அதிகம் பெறவில்லை. 17 ஆம் வயதில் ஆலை எந்திரங்கள் செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் தொழில் பழகினார். 1742 இல் லீக் நகரில் சொந்தத் தொழில் தொடங்கினார். எழுத்துப் பயிற்சி குறைவாதலால் கணக்குகளைப் பெரும்பாலும் மனத்திலேயே செய்தார்.

பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்

1759 இல் பிரிட்ஜ்வாட்டர் கோமகன், தமது வொர்ஸ்லி சுரங்கங்களின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்ப் பணியில் இவரை அமர்த்தினார். இர்வெல் ஆற்றின் மேல் கட்டப்பட்ட பார்ட்டன் தொட்டிப்பாலம் 1761 இல் திறக்கப்பட்டது. நீர் கசியாதிருக்க, குழைத்து மிதித்த களிமண்ணை இவர் பயன்படுத்தினார்.

ஹேர்கேசில் சுரங்கவழி

டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்கு 1766 இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் இதனை முன்னின்று ஆதரித்தார். வழியில் குறுக்கிட்ட ஹேர்கேசில் குன்றைக் குடைந்து 2,633 மீட்டர் நீளச் சுரங்கவழி அமைக்கப்பட்டது. அகலமாகக் குடைந்தால் செலவு மிகும் என்பதால், மலைப்பகுதியில் படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் ஏறத்தாழ 72 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள படகுகளுக்கேற்பக் கட்டப்பட்டன.

சுரங்கவழிக்குள் குதிரைகள் நடந்து படகை இழுக்கப் பாதை இல்லை. எனவே குதிரைகளைக் குன்றின் மேலாக ஓட்டிச் செல்ல, படகோட்டிகள் மல்லாந்து படுத்துச் சுவரைக் கால்களால் உதைத்துப் படகை நகர்த்தினர். எதிரெதிரே வரும் படகுகள் விலகவும் இடமில்லை. இந்நெருக்கடியைத் தீர்க்க, தாமஸ் டெல்போர்ட் இழுவைப் பாதையுடன் கட்டிய இரண்டாவது சுரங்கவழி 1827 இல் திறக்கப்பட்டது. நிலம் தாழ்ந்ததால் முதல் சுரங்கவழி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. டெல்போர்ட்டின் சுரங்கவழி இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

மறைவும் தாக்கமும்

நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்டிருந்த பிரிண்ட்லி, கால்டன் கால்வாய்க்கான நில அளவைப் பணியின்போது மழையில் நனைந்து நோய்வாய்ப்பட்டு இறந்தார். நியூசேப்பலில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது சுரங்கவழி முடிவடைந்திருக்கவில்லை. மைத்துனர் ஹியூ ஹென்ஷால் பணியைத் தொடர்ந்து, 1777 இல் கால்வாயை நிறைவு செய்தார்.

செலவைக் குறைத்த குறுகிய அளவை மத்திய இங்கிலாந்தின் பிற கால்வாய்களும் பின்பற்றின. பின்னர் தொடர்வண்டிகள் வந்தபோது, பெரிய படகுகள் செல்ல முடியாமை இக்கால்வாய்களின் சரக்குப் போக்குவரத்திற்குப் பெரும் தடையாயிற்று. இன்று இவற்றில் பெரும்பாலும் சுற்றுலாப் படகுகளும் வசிப்பிடப் படகுகளுமே செல்கின்றன. அவையும் 7 அடி அகலத்திற்குள்ளேயே கட்டப்படுகின்றன.