புதிருக்கு நெறி வகுத்த ஆசிரியர்

நாடாண்டோரும் நூல் செய்தோருமேயன்றி, ஒரு விளையாட்டுக்கு நெறி வகுத்தோரும் உலகில் பெயர் நிறுவிச் செல்வதுண்டு. அவருள் ஒருவர் இங்கிலாந்து தேசத்து டெரிக் ஸாமர்ஸெட் மக்நட் என்பவர். அவருடைய இயற்பெயரை அறிந்தோர் சிலரே. ஸிமினீஸ் என்னும் புனைபெயரையோ ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரில் ஈடுபட்டோர் பலரும் அறிவர்.

அவர் 1902-ஆம் ஆண்டிலே பிறந்தார். மார்ல்பரோ கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த ஜீஸஸ் கல்லூரியிலும் பயின்று, கிரேக்க லத்தீன் இலக்கியங்களில் தேர்ச்சி எய்தினார். 1928-ஆம் ஆண்டு முதல் 1963-ஆம் ஆண்டு வரை, ஹார்ஷம் நகருக்கு அருகிலுள்ள கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடலில் அம்மொழிகளைக் கற்பித்தார். பெயர் யாதாயினும் அது நோயாளர் தங்கும் இடமன்று, பழம்பெரும் பள்ளிக்கூடமே.

ஞாயிறுதோறும் வெளிவரும் அப்ஸர்வர் பத்திரிகையில் 1926-ஆம் ஆண்டு முதல் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் என்பவர் டார்க்குமாடா என்ற பெயரால் மறைபொருட் புதிர்களை அமைத்து வந்தார். 1939-இல் அவர் காலஞ்சென்றபோது அப்பணி மக்நட்டினிடம் வந்தது. டார்க்குமாடா என்பவர் ஸ்பெயின் தேசத்து மதவிசாரணைத் தலைவர். அப்பதவியில் அவருக்குப் பின்வந்தோருள் ஒருவர் ஸிமினீஸ் என்னும் கார்டினல். இங்ஙனம் கேட்போர் அஞ்சும் பெயரைப் புனைந்துகொண்ட மக்நட், தம் வாசகர்பால் நீதி வழுவாதிருத்தலையே தம் கலைக்கு உயிராகக் கொண்டார் என்பது வியப்பிற்குரியது.

அவர் கொண்ட நெறியை 1966-இல் வெளியிட்ட குறுக்கெழுத்துக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்தார். குறிப்பில் விடைக்குரிய பொருள் செம்மையாக அமைதல் வேண்டும். எழுத்துக்களைக் கூட்டியும் பிரித்தும் அவ்விடையை அடைதற்கு நேரிய வழி ஒன்று இருத்தல் வேண்டும். வேண்டாத சொல் ஒன்றும் இருத்தலாகாது. மறைத்தல் தகும், பொய்த்தல் தகாது என்பதே அதன் சாரம். இந்நெறியைப் பிறரும் கைக்கொள்ளுமாறு, விடை காண்போரையே குறிப்பெழுதச் செய்து போட்டிகள் நடத்தினார். வந்தவற்றின் குணதோஷங்களை ஆராய்ந்து அச்சிட்ட தாள்களையும் அனுப்பி வந்தார். பத்திரிகையிலும் அவர் ஆசிரியராகவே விளங்கினார்.

இந்நெறியைக் கொண்டு ஒன்றை ஆராய்வோம். ஒரு குறிப்பு, புகழ்பெற்ற நடிகர், ஓர் இளைஞர், தொடங்கியது என மூன்றைச் சொல்லுகிறதென்று கொள்க. நடிகர் ஸ்டார், இளைஞர் டெட், இரண்டும் சேர ஸ்டார்டெட் என்றாகும், தொடங்கியது என்பதே அதன் பொருள். நம் இலக்கண நூலார் கூறிய பிசி போன்றதே இதுவும். ஆயின், இளைஞனை டெட் என்றல் எங்ஙனம்?

1950-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இங்கிலாந்து தேசத்து இளைஞருள் ஒரு சாரார், 1901 முதல் 1910 வரை அரசாண்ட ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து நீண்ட மேலங்கியையும் வெல்வெட் கழுத்துப்பட்டையையும் மீண்டும் அணிந்து திரிந்தனர். எட்வர்ட் என்பது குறுகி டெட் ஆயிற்று. ஊரார் அவர்களைக் கண்டு முகஞ்சுளித்தனர். அவ்விளைஞர் மூத்தனர், நரைத்தனர். மூன்றெழுத்துச் சொல்லாகிய டெட் மட்டும் புதிரில் நின்றது. இறந்தகாலங் காட்டும் ஆங்கிலச் சொற்கள் பல அம்மூன்றெழுத்தாலே முடிதலின், புதிர் அமைப்போர் அதனை எளிதில் விட்டிலர்.

மக்நட் பள்ளிப்பணியினின்று ஓய்வு பெற்ற மறு ஆண்டாகிய 1964-இல், ஸ்கூட்டர் ஏறித் திரிந்த மாட் என்போரும் மோட்டார் சைக்கிள் ஏறிய ராக்கர் என்போரும் கிளாக்டன், பிரைட்டன் முதலிய கடற்கரையூர்களில் கைகலந்தனர். அவர்களுடைய பெயர்களும் புதிருட் புகுந்தன. ஸிமினீஸ் 1971-இல் உயிர் நீத்தார். 1972-இல் அஸெட் என்பார் அவ்விடத்தை ஏற்று அந்நெறியையே போற்றினார்.

இன்று பத்தொன்பது வயதினன் ஒருவன், வெறுமனே இளைஞன் என்னும் குறிப்பைக் கண்டு டெட் என்று உணர்வானோ? தன்னை ஒத்தாரை எண்ணிப் பார்த்து, விடை காணாது, தன் அறிவையே இகழ்ந்துகொள்வான். பழஞ்சொல்லைப் புதிரில் வைத்தல் குற்றமன்று. அதனை இன்றும் வழங்குஞ் சொல்லெனக் காட்டுதலே குற்றம். பழைய என்னும் ஓர் அடைமொழி சேர்ப்பின் அக்குற்றம் நீங்கும். ஸிமினீஸ் விரும்பிய செம்மையும் அதுவே என்பது என் துணிபு.

மாடர்ன் என்னும் ஆங்கிலச் சொல் புதுமையைக் குறிப்பது. புதிர்வாணர் அதனை மாட் என்றும், கடற்கழுகைக் குறிக்கும் எர்ன் என்னும் அருஞ்சொல் என்றும் பிரிப்பர். இன்று முதியோராகிவிட்ட அவ்விளைஞரின் பெயர் புதுமை என்னும் சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது! நாம் இன்று நமக்குள் வழங்கிக் களிக்கும் சொற்களும் ஒருநாள் உரை வேண்டி நிற்கும். அவற்றைப் பின்வருவோர்க்கு நேர்மையுடன் விளக்கிச் செல்லுதல் கற்றோர் கடன் என்பதை அந்த ஆசிரியரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.