பெயரறியாச் செடிகளுக்குப் பெயர் தேடியவர்

வடகீழ்ப் பருவமழை பெய்யத் தொடங்கியதும் களுவாஞ்சிக்குடியின் மணல் வளவுகளில் எவரும் நடாத செடிகள் பல முளைக்கின்றன. அவற்றுள் சில கறிக்கு உதவுவன; சில மருந்தாவன; சில உயிரைக் குடிக்கும் நஞ்சு. இவற்றைப் பிரித்தறியும் அறிவு ஒரு காலத்தில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தமிழ், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி வீட்டு மூதாட்டியர் பலரிடமும் இருந்தது. இன்று வேலியோரத்துச் செடியொன்றைக் காட்டி அதன் பெயர் யாதெனப் பிள்ளை கேட்டால் பெற்றோருள் பலர் மௌனமாகி விடுகின்றனர். இலங்கையின் செடிகொடிகளை இனங்காண்பதற்கே தமது வாழ்வின் கடைசிப் பதினாறு ஆண்டுகளையும் அளித்த ஹென்றி ட்ரைமனின் வரலாறு இவ்வேளையில் நினைவுகூரத் தக்கதாகும்.

ட்ரைமன் 1843ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி லண்டனில் பிறந்தார். பூச்சியியல் அறிஞராகப் புகழ்பெற்ற ரோலண்ட் ட்ரைமன் இவரது மூத்த சகோதரர். மருத்துவம் பயின்று 1865இல் பட்டம் பெற்ற போதிலும் இவரது மனம் செடிகளின் பக்கமே சாய்ந்தது. பூக்கும் தாவரங்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்றான வுல்ஃபியா என்னும் நீர்ச்செடி பிரித்தானியாவிலும் வளர்கிறது என்பதை 1866இல் கண்டறிந்து கூறியவர் இவரே. ஊசித்தலை அளவேயான ஒன்றையும் விட்டுவிடாத அக்கூர்மை இறுதிவரை இவரிடம் இருந்தது.

1869இல் பிரித்தானிய அரும்பொருட்சாலையின் தாவரப் பிரிவில் பணிக்கு அமர்ந்தார். அங்கேதான் இலங்கையின் மிகப் பழைய உலர்தாவரத் தொகுதி பாதுகாக்கப்பட்டிருந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1672இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் சேகரித்து, தாள்களில் ஒட்டிவைத்த செடிகள் அவை. ஹேர்மன் 1695இல் மறைந்தபின் அத்தொகுதி எங்குள்ளது என்பதே அறிவுலகுக்குத் தெரியாமற் போயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து டென்மார்க்கில் ஒரு மருந்தாளரிடமிருந்து அது ஸ்வீடன் நாட்டு அறிஞர் லினேயஸின் கைக்கு எட்டியது. அது எவருடைய உழைப்பு என்பதை உணர்ந்துகொண்ட லினேயஸ், அதனைக் கொண்டே இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை 1747இல் வெளியிட்டார். அந்நூலிற் கூறப்பட்டவை பிற்காலத்து வழக்கில் எச்செடிகள் என்பதை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி 1887இல் விரிவான ஆய்வொன்றை எழுதியவர் ட்ரைமன்.

1880இல் அவர் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினாற் கோப்பிப் பயிர் அழிந்துகொண்டிருந்த காலம் அது. மாற்றுப் பயிர்களைப் பற்றி அரசுக்கும் தோட்டக்காரருக்கும் ஆலோசனை கூறுவது அவருடைய உத்தியோகக் கடமை. காட்டுச் செடிகளைத் தேடுவதோ அவரது உள்ளக் கடமை. அவருக்கு முன்பிருந்த துவைற்ஸ் எழுதிய நூல் இலத்தீன் மொழியில் இருந்தமையால், தாவரவியல் கற்றவரன்றிப் பிறருக்குப் பயன்படவில்லை. சாதாரண வாசகரும் தம் வளவிலுள்ள செடியை இனங்காண வேண்டும் என்று ட்ரைமன் கருதினார்.

அவரது இலங்கைத் தாவரக் கைநூலின் முதல் மூன்று பாகங்களும் 1893, 1894, 1895 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இலையின் அமைப்பு, இதழ்களின் எண்ணிக்கை, மகரந்தத் தண்டு, காய், விதை என்று படிப்படியாக நோக்கி ஒரு செடியின் பெயரை அடையும் வழியை அது காட்டுகிறது. வளரும் ஊர்களையும், அறியக் கிடைத்தவரை சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் தருகிறது. மட்டக்களப்பின் பெயரை அதன் பக்கங்கள் பலவற்றிற் காணலாம். இதற்கிடையே ட்ரைமனின் செவிப்புலன் குன்றியது, கால்களும் செயலிழந்தன. எனினும் எழுத்தை நிறுத்தினாரில்லை. 1896 ஒக்டோபர் 16ஆம் திகதி பேராதனையில் உயிர் நீத்தார். எஞ்சிய இரு பாகங்களையும் முதிய அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1898இலும் 1900இலும் நிறைவு செய்தார்.

இப்பெருமகனின் பணியிலும் ஒரு குறை உண்டு. தமிழ்ப் பெயர்கள் ரோம எழுத்திலே கிடக்கின்றன. அப்பெயர்களை வழங்கிவந்த கிராமத்து வைத்தியரும் வேளாண்மைக்காரரும் அந்நூலில் முகமற்றவர்களாகவே நிற்கின்றனர். அக்குறையைத் தீர்க்கவேண்டிய கடன் நம்முடையது.

பெயரறிவு என்பது வெறும் புலமையன்று. கார்த்திகைப்பூ என்றும் செங்காந்தள் என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் நாம் அழைப்பதைச் சிங்கள மக்கள் நியங்கலா என்பர். நான்கு பெயரும் ஒரு கொடிக்கே உரியன. அதன் கிழங்கை வற்றாளை எனக் கருதி அவித்துண்டு இறந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு அவிப்பதால் அழிவதில்லை. பூத்திருக்கும்போது அக்கொடியை எவரும் அறிவர். பூவற்ற காலத்தில், இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பி போலாவதே அதைக் காட்டிக்கொடுக்கும். மறுபுறம், கீழ்க்காய்நெல்லி என்ற ஒரே பெயரால் வெவ்வேறு செடிகள் பறிக்கப்படுகின்றன. சித்த மருத்துவமாயினும் யூனானி மருத்துவமாயினும் செடி மாறினால் மருந்தும் மாறும்.

இப்பொழுது கைத்தொலைபேசியிற் படம்பிடித்தால் பெயர் கூறும் வசதி வந்துள்ளது. அது துணையாகலாம்; தீர்ப்பாகாது. ஓர் இலையின் படத்தை மட்டும் நம்பி எதனையும் உண்ணலாகாது. பூவும் காயும் உள்ள கிளையொன்றைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், நாள், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். ஹேர்மன் செய்ததும் ட்ரைமன் செய்ததும் இதுவே. ஐயமெழுந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பேராதனையில் தேசிய உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. ட்ரைமனின் நூலைத் திருத்தி விரித்த தொகுதிகளும் 1980 முதல் வெளிவந்துள்ளன.

போரும் இடம்பெயர்வும் 2004ஆம் ஆண்டின் சுனாமியும் நமது வளவுகளை அழித்தன. பெயர்களைச் சொல்லித் தருவோரும் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் காத்தான்குடியிலும் உள்ள பாடசாலைகள், மாணவர் தத்தம் வீட்டு வளவின் செடிகளை மூத்தோரிடம் கேட்டு எழுதும் பணியை ஒரு மழைக்காலத்திலேனும் மேற்கொள்ள வேண்டும். கடல் கடந்து வந்த ஒருவர், கால்கள் தளர்ந்த பின்னரும் கைவிடாத பணி அது. நம் வளவில் நின்றுகொண்டே செய்யக்கூடியதை நாம் நாளைக்கென ஒத்திவைப்பது முறையாகாது.