லூயிஸ் தெவானிமா: ஓடி ஊர் திரும்பியவர்

இல்ல விளையாட்டுப் போட்டிகளை நினைவுகூரும் இம்மலரில், வேறொரு பாடசாலையின் ஓட்ட வீரரையும் நினைக்கிறோம்.

அரிசோனாவின் ஹோப்பி மக்கள் மழை வேண்டி ஓடுபவர்கள். அவர்களில் ஒருவரான லூயிஸ் தெவானிமா, அரசாங்கப் பாடசாலையை எதிர்த்த ஊரவருடன் கைதாகி, 1907இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பழங்குடியினர் பாடசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே தாய்மொழி பேசத் தடை. நெடுந்தூர ஓட்டக் குழுவில் சேர்ந்த அவர், 1908 லண்டன் ஒலிம்பிக் மரதனில் ஒன்பதாம் இடம் பெற்றார். 1912இல் ஸ்ரொக்ஹோமில் 10,000 மீற்றரில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவ்வோட்டத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த பதக்கம் கிடைக்க 52 ஆண்டுகள் சென்றன.

கார்லைல் 1918இல் மூடப்பட்டது. தெவானிமாவோ ஊர் திரும்பி, ஆடு மேய்த்து, பயிர் செய்து, ஹோப்பியாகவே வாழ்ந்து 1969இல் மறைந்தார். அவர் பெயரால் அங்கே இன்றும் ஓட்டப் போட்டி நடக்கிறது.

எம் மொழியைப் பறிக்காமல் எம்மை ஓடவிட்ட பாடசாலைக்கு நாம் நன்றியுடையோம்.