த்ராட்டில் பாடிக்கு எதுக்கு வெந்நீர்? வெப்பத்தோடு மல்லுக்கட்டிய வில்ஹெல்ம் மேபக்கின் கதை

கார் பிரியர்கள் அடிக்கடி பேசிக்கொள்ளும் ஒரு 'மாடிஃபிகேஷன்' உண்டு. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவது த்ராட்டில் பாடி. பல கார்களில் இதற்குள் இரண்டு சிறிய ஹோஸ்கள் வழியாகச் சூடான கூலன்ட் வந்து போகும். அந்த ஹோஸ்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் கூலன்ட் த்ராட்டில் பாடியைத் தொடாமலே திரும்பிவிடும். உள்ளே போகும் காற்று குளிர்ச்சியாக இருக்கும், பவர் கூடும் என்பது கணக்கு.

அப்படின்னா கார் கம்பெனிகள் அந்தக் குழாயை வைத்ததே ஏன்? இதைப் புரிந்துகொள்ள 19-ம் நூற்றாண்டு ஜெர்மனிக்குப் போக வேண்டும். நவீன கார்புரேட்டர், நவீன ரேடியேட்டர் இரண்டுக்கும் அடித்தளம் போட்டவர் ஒரே ஆள்தான். பெயர், வில்ஹெல்ம் மேபக்.

10 வயதில் பெற்றோரை இழந்தவர்

1846 பிப்ரவரி 9 அன்று ஹைல்பிரான் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார் மேபக். 10 வயதாகும்போது அப்பா, அம்மா இருவருமே உயிரோடு இல்லை. ராய்ட்லிங்கன் ஊரில் பாதிரியார் குஸ்டாவ் வெர்னர் நடத்திய காப்பகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பட்டறையும் இருந்தது. படம் வரைவதில் சிறுவனுக்கு இருந்த திறமை அங்கேதான் வெளிப்பட்டது.

அந்தப் பட்டறையை நிர்வகிக்க வந்தவர் காட்லீப் டைம்லர். மேபக்கைவிட 12 வயது மூத்தவர். அன்று தொடங்கிய கூட்டணி டைம்லர் இறக்கும்வரை நீடித்தது. 1872-ல் இருவரும் கொலோன் அருகே டாய்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போனார்கள். நிக்கோலஸ் ஆட்டோவின் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைத் தயாரிப்புக்கு ஏற்றபடி செதுக்கியதில் மேபக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

1882-ல் டைம்லர் அங்கிருந்து விலக, மேபக்கும் கூடவே கிளம்பினார். கான்ஸ்டாட்டில் டைம்லரின் வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில்தான் அவர்களின் பட்டறை. வண்டியில் பொருத்தும் அளவுக்குச் சின்னதாக, வேகமாகச் சுழலும் பெட்ரோல் இன்ஜின் அங்கே பிறந்தது. 1885-ல் அது இருசக்கர வாகனத்தில் ஏறியது.

பெட்ரோலைத் தூவியவர்

இன்ஜின் ரெடி. ஆனா இரண்டு தலைவலிகள் மிச்சம். ஒன்று, பெட்ரோலைக் காற்றோடு சரியாகக் கலப்பது. இன்னொன்று, இன்ஜின் சூட்டை வெளியேற்றுவது.

1890-ல் டைம்லர் மோட்டார் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒப்பந்த நிபந்தனைகள் பிடிக்காமல் மேபக் அடுத்த ஆண்டே வெளியேறினார். டைம்லரின் ஆதரவோடு, ஒரு பழைய ஹோட்டல் அரங்கில் தனியாக ஆய்வைத் தொடர்ந்தார். முதல் தலைவலிக்கு 1893-ல் தீர்வு கிடைத்தது.

அதற்கு முன்பு காற்றை பெட்ரோலின் மேல் ஓடவிட்டு, ஆவியாகிற அளவை மட்டும் இன்ஜின் இழுத்துக்கொள்ளும். மேபக் பெட்ரோலை ஒரு நுண்ணிய முனை வழியாகக் காற்றோட்டத்தில் தூவ வைத்தார். பின்னால் வந்த கார்புரேட்டர்கள் பெரும்பாலும் இந்தக் கொள்கையில் இயங்கியவைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதே, அதே கதை. ஈரக்காற்று உள்ளே வந்தால் அதிலுள்ள நீர் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டியாக உறைந்துவிடலாம். அதனால் பிற்காலத்தில் கார்புரேட்டர்களுக்கு வெந்நீராலோ புகைபோக்கியின் சூட்டாலோ வெப்பம் கொடுக்கும் ஏற்பாடுகள் வந்தன. த்ராட்டில் பாடியின் கூலன்ட் குழாய் அந்த வழியில் வந்ததுதான்.

8,070 குழாய்கள்

இரண்டாவது தலைவலியோடு மேபக் ரொம்ப நாள் போராடினார். 1889-ல் செய்த காரில், வண்டியின் சட்டக் குழாய்களுக்குள்ளேயே தண்ணீரைச் சுழலவிட்டுப் பார்த்தார். இன்ஜின் பெரிதாக, அது போதவில்லை.

1895-ல் நிறுவனம் அவரைத் தொழில்நுட்பத் தலைவராகத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1900 மார்ச்சில் டைம்லர் காலமானார். அதே ஆண்டு வியாபாரி எமில் எலினெக்குக்காக மேபக் ஒரு புதிய காரை வடிவமைத்தார். எலினெக் மகளின் பெயர்தான் அதற்கு: மெர்சிடிஸ்.

35 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரின் முன்பக்கம் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர். 6 மி.மீ. சதுரக் குழாய்கள் 8,070, நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள் காற்று, இடுக்குகளில் தண்ணீர். 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது. 1901-ல் பிரான்ஸின் நீஸ் நகரப் போட்டிகளில் இந்தக் கார் மற்றவற்றை ஓரங்கட்டியது.

ஆனா சில ஆண்டுகளிலேயே மேபக்கும் ஓரங்கட்டப்பட்டார். நிர்வாகத்தோடு உரசல் முற்றி, 1907-ல் வெளியேறினார். பிறகு மகன் கார்லோடு சேர்ந்து செப்பலின் வான்கப்பல்களுக்கான இன்ஜின் தயாரிப்பில் இறங்கினார். 1929 டிசம்பர் 29 அன்று, 83 வயதில் மறைந்தார். கார்ல் தொடங்கிய சொகுசுக் கார்களால்தான் இன்று மேபக் என்ற பெயர் பிரபலம்.

சரி, ஹோஸைக் கழற்றலாமா?

இன்றைய பெரும்பாலான கார்களில் பெட்ரோல், த்ராட்டிலைத் தாண்டித்தான் தெளிக்கப்படுகிறது. அதனால் பழைய கார்புரேட்டர் அளவுக்கு உறைபனிப் பிரச்சினை இல்லை. வெயில் ஊரில் வாய்ப்பு இன்னும் குறைவு. ஆனா குளிரும் ஈரமும் சேர்ந்த மலைப்பாதையில், குறுகிய இடுக்கு வழியே நுழையும் காற்று மேலும் குளிர்ந்து உறையலாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் த்ராட்டில் தகடு மூடாமல் சிக்கிக்கொண்டால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சில பழைய மாடல்களில், இன்ஜின் சூடாகிவிட்டதை ஐடில் வால்வுக்குச் சொல்வதே இந்தக் கூலன்ட்தான். அதைத் துண்டித்தால் ஐடில் வேகம் இறங்காமலே நிற்கும்.

லாபம்? காற்று த்ராட்டில் பாடியைக் கடப்பது கண்ணிமைக்கும் நேரத்தில். அதற்குள் அது வாங்கும் சூடு சொற்பம். சாதாரண ஓட்டத்தில் பவர் வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை.

சூட்டை வெளியே தள்ளுவது மட்டுமல்ல, தேவையான இடத்தில் வைத்துக்கொள்வதும் இன்ஜினுக்கு முக்கியம். அந்தக் குழாய் இருப்பது அதற்காகத்தான். உங்கள் காரில் அது என்ன வேலை செய்கிறது என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.