சில்வியா பாங்க்ஹர்ஸ்ட்: பௌ வீதியிலிருந்து அடிஸ் அபாபா வரை

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, மறைந்த பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டனர். அப்போது எமது நினைவுக்கு வந்தவர், பெண்கள் சங்கமொன்றிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அதுவும் சொந்தத் தமக்கையாலேயே வெளியேற்றப்பட்டவர். ஒரு சங்கத்தின் விழா மலரில் இப்படியொருவரைப் பற்றி எழுதுவது பொருத்தமோ என்று முதலில் தயங்கினோம். அவரது வரலாற்றை முழுவதுமாகப் படித்தபின் அந்தத் தயக்கம் நீங்கியது.

கிழக்கு இலண்டனிலும் அதனை அண்டிய இல்போர்ட், வால்தம்ஸ்ரோ பகுதிகளிலும் எமது சகோதரிகள் பலர் வாழ்கின்றனர். வூட்போர்ட் கிறீன் பிரதான வீதியால் போகும்போது, கல்மேடை ஒன்றின் மீது கல்லாலேயே செதுக்கிய குண்டு ஒன்று நிற்பதை அவர்கள் கண்டிருக்கலாம். விமானங்களிலிருந்து மக்கள் மீது குண்டு வீசுவதை எதிர்த்து 1930களின் நடுப்பகுதியில் சில்வியா அம்மையார் அமைப்பித்த நினைவுச் சின்னம் அது. அப்போது இத்தாலிய விமானங்கள் எதியோப்பியா மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன.

சில்வியா 1882ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி மன்செஸ்டரில் பிறந்தார். தந்தை றிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட் பெண்ணுரிமைக்காக உழைத்த சட்டத்தரணி. தாயார் எமலின் பாங்க்ஹர்ஸ்டின் பெயரை அறியாதவர் எம்மில் சிலரே இருப்பர். 1903இல் அவர்களது வீட்டில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் ஒன்றியமே பிரித்தானியாவின் வாக்குரிமைப் போராட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. தமக்கை கிறிஸ்டபெல் அதன் தளபதி போல இருந்தார். ஓவியம் கற்ற சில்வியா அதன் கொடிகளையும் சின்னங்களையும் வரைந்தார். 1907இல் வடபகுதி நகரங்களுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் சென்று, பஞ்சாலைகளிலும் மட்பாண்ட ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்த பெண்களை ஓவியமாகத் தீட்டினார். வாக்குரிமை யாருக்கு மிகவும் அவசியம் என்பதை அந்தப் பயணத்திலேயே அவர் கண்டுகொண்டார் என்று நாம் நினைக்கிறோம்.

வைத்தியத் துறையில் இருக்கும் எமக்கு, அவரது வாழ்க்கையில் வாசிக்கக் கடினமான பகுதி 1913ஆம் ஆண்டுதான். ஹொலவே சிறைச்சாலையில் உண்ணாவிரதம் இருந்த அவருக்கு வாரக்கணக்கில் பலவந்தமாக உணவூட்டினர். சிறைக் காவற்பெண்கள் கைகால்களை அழுத்திப் பிடிக்க, உருக்குக் கருவியால் வாயைத் திறந்து, இறப்பர்க் குழாயை இரைப்பை வரை செலுத்தினர். முரசிலிருந்து இரத்தம் வழிந்தது; செலுத்திய உணவு வாந்தியாக வெளிவந்தது. இதனைச் செய்தவர்கள் எமது தொழிலைச் சேர்ந்த வைத்தியர்கள். நோயாளியின் சம்மதமின்றி அவரது உடலில் கை வைக்கக்கூடாது என்று இன்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது, இந்தச் சிறை அறை எமது மனக்கண்ணில் வருவதுண்டு.

அந்த ஆண்டிலேயே அரசு புதிய சட்டமொன்றைக் கொண்டுவந்தது. பூனை எலிச் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். உண்ணாவிரதத்தால் நலிந்தவரை வெளியே விட்டு, தேறியதும் மீண்டும் பிடிப்பதே அதன் முறை. சில்வியா உணவை மட்டுமன்றி நீரையும் உறக்கத்தையும் மறுத்து, சிறை அறையில் இரவு பகலாக நடந்தார். இப்படிப் பலமுறை உள்ளே போய் வந்தார்.

இதற்கிடையில், 1912இல் அவர் இலண்டனின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதிக்கு வந்து, பௌ வீதியில் கடையொன்றை எடுத்துக் கிளை தொடங்கியிருந்தார். தையல் தொழிலாளிகள், ஆலைப் பெண்கள், துறைமுகத் தொழிலாளரின் மனைவிமார் அங்கே திரண்டனர். வேலைநிறுத்தம் செய்த டப்ளின் தொழிலாளருக்கு ஆதரவான கூட்டமொன்றில் சில்வியா மேடையேறியது தமக்கைக்குப் பிடிக்கவில்லை. 1914 ஜனவரியில் பாரிஸில் தாயும் இரு மகள்மாரும் சந்தித்தனர். கிழக்கு இலண்டன் கிளை இனி ஒன்றியத்தில் இருக்க முடியாது என்று கிறிஸ்டபெல் அறிவித்தார். உழைக்கும் பெண்கள் பெண்களுள் பலவீனமானவர்கள், போராட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட்டவர்களே வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம் எனச் சில்வியா பின்னர் தமது நூலில் பதிவு செய்துள்ளார். தாயார் மூத்த மகளின் பக்கமே நின்றார்.

சில்வியா பௌ வீதிக்குத் திரும்பினார். அதே ஆண்டு மார்ச் 8ஆம் திகதி, பெண்களின் டிரெட்நோட் என்ற பத்திரிகையை வெளியிடத் தொடங்கினார்.

ஆகஸ்ட் மாதம் உலகப் போர் மூண்டது. தாயும் தமக்கையும் போருக்கு ஆள் சேர்க்கும் மேடைகளில் ஏறினர். சில்வியா போரை எதிர்த்தார். ஆனால் எதிர்த்துப் பேசுவதோடு அவர் நிற்கவில்லை. ஆண்கள் போர்முனைக்குப் போக, வேலை இழந்த பெண்களும் பால் இல்லாத குழந்தைகளும் அவரது வாசலுக்கு வந்தனர். ஓல்ட் போர்ட் வீதியில் மலிவு உணவுச்சாலை திறக்கப்பட்டது. பெரியவருக்கு இரண்டு பென்ஸ், பிள்ளைக்கு ஒரு பென்னி. அதுவும் இல்லாதவருக்கு இலவசம். பெண்களுக்கு வேலை கொடுக்க விளையாட்டுப் பொருள் தொழிற்சாலை ஒன்றும் அமைந்தது. துப்பாக்கி செய்வோரின் பெயரால் அழைக்கப்பட்ட மதுச்சாலையொன்று 1915இல் தாய்மாரின் இல்லமாகப் பெயர் மாறியது. குழந்தைகள் பராமரிப்பு நிலையமும் தாய் சேய் கிளினிக்கும் அங்கே நடந்தன. பார்பரா சைக்கோவ்ஸ்கி என்ற பெண் வைத்தியர் இப்பணியில் துணை நின்றார். குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, பால் கொடுத்து, தாய்க்கு ஆலோசனை சொல்லும் அந்த முறை, எமது ஊர்களில் குடும்ப நல மாதுமார் நடத்தும் கிளினிக்கைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

பிரித்தானியப் பெண்களுக்கு 1918இல் கிடைத்த வாக்கு, முப்பது வயதுக்கு மேற்பட்டோரில் சொத்துத் தகைமை உடையவர்களுக்கே உரியதாயிருந்தது. ஆண்களுக்குச் சமமான உரிமை 1928இல்தான் வந்தது. எமது நாட்டில் இருபத்தொரு வயதான ஆண், பெண் எல்லோரும் வாக்களிக்கும் தேர்தல் 1931இல் நடந்ததை இங்கே நினைவுகூரலாம்.

சில்வியாவின் கண்கள் பௌ வீதியோடு நின்றுவிடவில்லை. 1920இல் இலண்டனின் இடதுசாரிப் பத்திரிகையொன்று, ஜேர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த கறுப்பினப் படையினரை இழிவுபடுத்தும் கட்டுரையை வெளியிட்டது. ஜமேக்கா கவிஞர் குளோட் மக்கே எழுதிய பதிலை அப்பத்திரிகை ஏற்கவில்லை. அதன் ஆசிரியர் சில்வியாவின் பழைய தோழர். இருந்தும் அந்தப் பதிலைச் சில்வியா தமது பத்திரிகையில் பிரசுரித்தார். மக்கேயைத் தமது பத்திரிகையாளராகவும் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு அவரது பத்திரிகையில் வந்த கட்டுரைகள் இராசத்துரோகமானவை எனக் குற்றஞ்சாட்டப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டில் கம்யூனிஸ்ட் கட்சியும் அவரை வெளியேற்றியது. தமது பத்திரிகையைக் கட்சியிடம் ஒப்படைக்க அவர் மறுத்துவிட்டார்.

இத்தாலியரான சில்வியோ கொரியோவுடன் வூட்போர்ட்டில் குடியேறிய அவர், 1927 டிசம்பரில், தமது நாற்பத்தைந்தாவது வயதில் மகன் றிச்சர்டைப் பெற்றார். திருமணம் செய்யாமல் பிள்ளை பெற்றதைத் தாயார் மன்னிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் காலமானார். 1930இல் சில்வியா எழுதிய தாய்மாரைக் காப்பாற்றுங்கள் என்ற நூல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 தாய்மார் பிரசவத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறப்பதை எடுத்துக்காட்டி, தேசிய மகப்பேற்றுச் சேவை வேண்டுமென்று கோரியது. இந்நூலை மகப்பேற்றுத் துறையில் உள்ள எமது சகோதரிகள் தேடி வாசிக்க வேண்டும்.

கொரியோ மூலம் இத்தாலியின் பாசிச ஆட்சியை நெருங்கி அறிந்த சில்வியா, 1932இல் அதற்கெதிராகச் சர்வதேசப் பெண்கள் குழுவொன்றை அமைத்தார். பாசிஸ்டுகளால் கொல்லப்பட்ட மத்தியோத்தியின் பெயரை அது தாங்கியது. 1935 ஒக்டோபரில் முசோலினியின் படைகள் எதியோப்பியாவுக்குள் புகுந்தன. 1936 மே 5ஆம் திகதி, தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்த நாளில், நியூ ரைம்ஸ் அன்ட் எதியோப்பியா நியூஸ் என்ற வாரப் பத்திரிகையைச் சில்வியா தொடங்கினார். அன்று அவருக்கு ஐம்பத்து நான்காவது பிறந்த நாள். நச்சு வாயுத் தாக்குதல்களையும் 1937 பெப்ரவரியில் அடிஸ் அபாபாவில் நடந்த படுகொலையையும் அப்பத்திரிகை உலகுக்குச் சொன்னது. மேற்கு ஆபிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அதனை வாசித்தனர். மற்றப் பத்திரிகைகள் எதியோப்பியாவை மறந்த பின்னரும் அது இருபது ஆண்டுகள் வெளிவந்தது.

நாடுகடந்து வாழ்ந்த பேரரசர் ஹைலி செலாசியின் மகள் இளவரசி செஹாய், இலண்டனில் கிரேட் ஓமண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் தாதியாகப் பயின்றவர். நாடு விடுபட்டபின் தாயகம் திரும்பிய அவர், 1942இல் பிரசவச் சிக்கலால் இளவயதிலேயே இறந்தார். அவரது ஞாபகார்த்தமாக அடிஸ் அபாபாவில் ஒரு வைத்தியசாலை கட்டுவதற்குச் சில்வியா ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டினார். தாய்மாரின் உயிருக்காக அன்று நூல் எழுதியவர், இப்போது அதற்காகவே ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்.

கொரியோவின் மறைவுக்குப் பின், 1956இல் மகனுடன் எதியோப்பியாவுக்கே குடிபெயர்ந்தார். எழுபத்து நான்கு வயதில் அங்கே புதிய மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1960 செப்டம்பர் 27ஆம் திகதி காலமான அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. திரித்துவப் பேராலயத்தின் முன்னே, இத்தாலியரை எதிர்த்த தேசபக்தர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. முடியாட்சியை ஏற்காத குடும்பத்தில் வளர்ந்த அவர், ஒரு பேரரசரைப் பெரிதும் நம்பினார். எரித்திரியா எதியோப்பியாவோடு இணைய வேண்டுமென வாதாடினார். எரித்திரிய மக்களில் பலர் வேறு விதமாக விரும்பினர். பின்னர் முப்பது ஆண்டுப் போர் நடந்து, 1993இல் அந்நாடு தனிநாடாயிற்று. பிறர் துயருக்காக உழைப்போரும், தாம் நேசிக்கும் பக்கத்துக்கு அப்பால் இருப்பவரின் குரலைக் கேட்கத் தவறலாம். போரைக் கண்டு வளர்ந்த எமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் அவரது வாழ்வு எமது சங்கத்திடம் ஒன்றைக் கேட்கிறது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் கூடும் நாம், எமது கல்லூரி வாசலால் வந்தவர்களுக்காக நிறையச் செய்திருக்கிறோம். புலமைப்பரிசிலும் கட்டடமும் தளபாடமும் கொடுத்தோம். அந்த வாசலுக்குள் வர வாய்ப்பில்லாத பிள்ளைகளும் எமது மதிலுக்கு அப்பால்தான் வளர்ந்தனர். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை அவர்களது படிப்புக்கும் அவர்களின் தாய்மாரின் நலனுக்கும் ஒதுக்க வேண்டுமென்பது எமது பணிவான வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளோம். சகோதரிகள் எங்கிருந்தாலும் ஆதரவு தருவீர்களென நம்புகிறோம். எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க!