கயிற்றை அறுக்கச் சொன்ன மனிதர்

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், கிளியூர், ஏற்காடு)



பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் கதவுக்கு மேலே அரைவட்டமாக ஒரு பித்தளைத் தகடு, அதில் மாடி எண்கள், நடுவில் கடிகார முள் மாதிரி ஒரு முள். லிஃப்ட் ஏற ஏற முள்ளும் நகரும். இன்ப்ளான்ட் ட்ரெயினிங்குக்காகச் சென்னை போனபோது பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் அதை நேரில் பார்த்தேன். அந்த முள்ளுக்குக் கரண்ட் கிடையாது, பல்பு கிடையாது... முழுக்க முழுக்க நம்ம டிபார்ட்மென்ட் சமாசாரம்!

கிளியூர்க்காரனுக்கு உயரம் ஏறுவது புதிதல்ல. சேலத்தில் பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை. தூங்கி விழித்தவனும் பலகையைப் பார்த்தால் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வான். லிஃப்ட் முள்ளின் வேலையும் அதுதான். சரி, 60 அடி ஏறி இறங்கும் லிஃப்டை ஒரு சாண் முள் எப்படிக் காட்டுகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிஃப்ட் கூண்டில் ஒரு மெல்லிய கம்பிக் கயிற்றைக் கட்டி, மேலே மெஷின் ரூமில் 3 அடி சுற்றளவுள்ள கப்பியில் சுற்றுகிறோம். கூண்டு 60 அடி போனால் கப்பி 20 சுற்று சுற்றும். முள்ளுக்கு வேண்டியதோ அரைச் சுற்று. ஆக 40-க்கு 1 என்று குறைக்க வேண்டும். கப்பியின் தண்டில் ஒரு வார்ம், அதோடு 40 பல் உள்ள ஒரு வார்ம் வீல். முடிந்தது வேலை! அந்த வீலிலிருந்து இன்னொரு கயிறு ஒவ்வொரு மாடிக்கும் இறங்கி எல்லா முள்ளையும் ஒரே நேரத்தில் திருப்பும். கயிறு தொய்யாமலிருக்க ஒரு ஸ்பிரிங்கோ எடைக்கல்லோ போதும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. முள் மாடியை எண்ணுவதில்லை, தூரத்தைத்தான் அளக்கிறது. தரைத்தளம் 16 அடி, மேலே உள்ள நான்கும் 11 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 அடிக்கு 180 டிகிரி என்றால் அடிக்கு 3 டிகிரி. தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் இடையே தகட்டில் 48 டிகிரி விட வேண்டும், மற்ற மாடிகளுக்கு 33 டிகிரிதான். சம இடைவெளியில் எண் எழுதினால் முள் பொய் சொல்லும்.

வேறு விதத்திலும் பொய் சொல்லும். கயிறு டிரம்மில் கட்டிச் சுற்றும் பழைய மெஷினில் வழுக்கலுக்கு இடமில்லை. உராய்வை நம்பி ஓடும் ட்ராக்ஷன் மெஷினில், கூண்டைத் தூக்கும் கயிறு சக்கரத்தின் மேல் துளித்துளியாக நழுவும். அந்தச் சக்கரத்திலிருந்து முள்ளுக்கு இணைப்பு எடுத்தால் நாளடைவில் முள் தள்ளிப் போகும். அதனால்தான் கூண்டிலிருந்தே தனிக் கயிறு கட்டுவது நல்லது. முள் மூன்று என்று காட்டுகிறதே என நம்பிக் கதவைத் திறந்து கால் வைத்தால், கூண்டு அங்கே இல்லாவிட்டால்? கூண்டு வந்து நின்றாலொழியக் கதவு திறக்காதபடி செய்யும் இன்டர்லாக்தான் அங்கே உயிர் காப்பது. முள் செய்தி சொல்லும், காவல் காக்காது. காவலைப் பற்றி யோசித்தவர் வேறொருவர். லிஃப்ட் என்றாலே நினைவுக்கு வரும் ஓடிஸ் என்ற பெயர் அவருடையது.

எலிஷா கிரேவ்ஸ் ஓடிஸ் 1811 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அவருடையதும் மலைப்பகுதிதான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்! வண்டி ஓட்டிப் பிழைத்தார். நிமோனியா வந்து சாகக் கிடந்து எழுந்தார். ஓர் ஆற்றங்கரையில் மாவு மில் கட்டினார், காசு பார்க்க முடியவில்லை. அதை மரம் அறுக்கும் மில்லாக மாற்றினார், அதற்கும் ஆள் வரவில்லை. பிறகு வண்டி செய்து விற்றார். மனைவி இறந்துபோக, சார்லஸ், நார்ட்டன் என்ற இரண்டு பையன்களோடு ஆல்பனி நகரத்துக்கு வந்தார்.

அங்கே கட்டில் செய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை. கையால் கடைந்தால் நேரமாகிறது என்று, கட்டில் சட்டங்களை நான்கு மடங்கு வேகத்தில் கடையும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஓடை நீரின் விசையால் ஓடும் சொந்தப் பட்டறை போட்டார். அதுவும் நிலைக்கவில்லை. குடிநீருக்காக நகர நிர்வாகம் ஓடையைத் திருப்பிவிட்டது, பட்டறை நின்றது! ஏரி நிரம்பி வழிந்தால்தான் எங்கள் கிளியூர் அருவியில் தண்ணீர். கோடையில் காய்ந்த பாறையைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஓடிஸின் அந்த நாள் நன்றாகவே புரிகிறது.

1852-இல் நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில், பாழடைந்த மர மில் ஒன்றைக் கட்டில் தொழிற்சாலையாக மாற்றும் பொறுப்பு கிடைத்தது. வயது நாற்பது தாண்டிவிட்டது. தட்டுமுட்டுச் சாமான்களை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றும் மேடைகள் அப்போதே இருந்தன, புதிதல்ல. கயிறு அறுந்தால் மேடை விழும், கூட நிற்பவன் செத்தான். கயிற்றை இன்னும் தடியாக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓடிஸ் அப்படி யோசிக்கவில்லை. கயிறு அறுந்தே தீரும் என்று வைத்துக்கொண்டார்.

மேடையின் உச்சியில் வண்டிக்குப் போடும் பட்டை ஸ்பிரிங் ஒன்றை வைத்து, தூக்கும் கயிற்றை அதன் நடுவில் கட்டினார். சுமையின் இழுப்பில் ஸ்பிரிங் வில்லாக வளைந்திருக்கும். கயிறு அறுந்தால் இழுப்புப் போய்விடும். ஸ்பிரிங் நிமிரும், அதன் இரண்டு முனையும் பக்கவாட்டுத் தண்டவாளங்களில் வெட்டிய பற்களில் போய் மாட்டும். மேடை நிற்கும். ஆபத்து எதுவோ அதுவே பிரேக்கையும் போடுகிறது! ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் திணறும் நமக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

1853-இல் லிஃப்ட் விற்க ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, முதலில் சீந்துவார் இல்லை. 1854-இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில், கூட்டத்துக்கு நடுவே சாமான்களோடு மேடையில் ஏறி நின்று, மேலே போனதும் கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி, கப்பென்று நின்றது. அதற்குப் பிறகுதான் ஆர்டர்கள் வந்தன. பெஞ்சில் சோதிக்காமலா மேடையில் ஏறியிருப்பார்? விளம்பரம் என்று சிலர் சொல்லலாம். தான் செய்த பிரேக்கின் கீழே தானே நிற்பது வெறும் விளம்பரமில்லை என்பது என் கட்சி.

1857 மார்ச் 23-இல் பிராட்வேயில் ஹாவூட் என்பவரின் ஐந்து மாடிக் கடையில் ஆட்களுக்கான லிஃப்ட் ஓடியது. வேகம் நிமிஷத்துக்கு சுமார் 40 அடி. ஆள் படியேறினாலே முந்திவிடலாம்! 1861 ஜனவரியில் நீராவி லிஃப்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஏப்ரல் 8-இல் தொண்டை அடைப்பான் நோயில் ஓடிஸ் இறந்தார். 50 வயதுகூட நிறையவில்லை. பையன்கள் இருவரும் தொழிலைத் தொடர்ந்து, 1867-இல் ஓடிஸ் பிரதர்ஸ் கம்பெனி ஆக்கினார்கள்.

இன்றைய லிஃப்டில் அந்தப் பட்டை ஸ்பிரிங் இல்லை. வேகம் மீறினால் கவர்னர் அதை உணர்ந்து, ஆப்புகளைத் தண்டவாளத்தில் இறுக்கும். கயிறு அறும்வரைகூடக் காத்திருப்பதில்லை. ஆனாலும் பிடிமானம் கயிற்றில் இல்லை, தண்டவாளத்தில்தான் என்ற யோசனை அவருடையதே. 1892-இல் கல்கத்தாவில் வைஸ்ராயின் அரசு மாளிகைக்கு ஓடிஸ் லிஃப்ட் வந்தது. 1959-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் திறந்தபோது ஓடிஸ் இறந்து 98 வருஷம் ஆகியிருந்தது.